ஊர் திரும்புகிறவரின் பெட்டியை எடைபோடுகிறவர்களுக்கு

வளைகுடா நாடுகளிலிருந்து தமிழ்நாட்டுக்கு விமானம் இயக்கும் நிறுவனங்களின் கட்டணப் பிரிவு அதிகாரிகளுக்கும், சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கும், அயலகத் தமிழர் நல வாரியத்துக்கும் எழுதும் திறந்த மடல்.

மதிப்புக்குரியவர்களே,

வணக்கம். நான் ஷார்ஜாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் 14 ஆண்டுகளாக ஸ்டோர் கீப்பராக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம். சிமெண்ட், கம்பி, ஆணி, பெயின்ட் என்று விடிந்தது முதல் அடையும் வரை எடையோடும் எண்ணிக்கையோடும் பழகுகிறவன். ஒரு பொருளின் விலை எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்று கேட்டுக் கேட்டே பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தில்தான் உங்களிடமும் கேட்கிறேன்.

சென்ற ஆகஸ்டில், தொழிலாளர்கள் தங்கும் எங்கள் கேம்ப்பிலிருந்து ஓர் அண்ணன் கேன்சலில் ஊருக்குப் போனார். வளைகுடாவில் இருக்கிறவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. லீவில் போகிறவர் திரும்பி வருவார். கேன்சலில் போகிறவர் விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாகப் போகிறவர். அவர் கொத்தனார். 19 ஆண்டுகள் இந்த ஊர் வெயிலில் சுவர் எழுப்பியவர். வழியனுப்ப நான்தான் விமான நிலையத்துக்கு உடன் போனேன்.

கவுண்ட்டரில் பெட்டியை ஏற்றினோம். திரை 33 கிலோ காட்டியது. டிக்கெட்டில் இருந்தது 20. மீதி 13 கிலோவுக்கு, கிலோ ஒன்றுக்கு 50 திர்ஹம் வீதம் 650 திர்ஹம் கட்டச் சொன்னார்கள். நம் பணத்தில் ஏறக்குறைய 15,000 ரூபாய். அண்ணனின் மாதச் சம்பளம் 1,400 திர்ஹம். பணிக்கொடையாக வந்த தொகையை, கணக்கில் விழுந்த அன்றே மகள் கல்யாணக் கடனுக்கு அனுப்பிவிட்டார். சட்டைப் பையில் இருந்தது 120 திர்ஹம். நான் கட்டுகிறேன் என்றேன். "வேண்டாம் தம்பி, பத்தொன்பது வருடம் இங்கே யாரிடமும் கடன் இல்லாமல் இருந்துவிட்டேன், போகிற அன்றைக்கு வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, வரிசையை விட்டு விலகி, தூணோரமாகத் தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தார்.

பெட்டி கட்டுவது இங்கே ஒரு நாள் வேலை. அறையில் இருக்கிற ஆறு பேரும் சேர்ந்துதான் கட்டுவார்கள். அட்டைப் பெட்டியின் நான்கு பக்கமும் டேப் ஒட்டி, மேலே மார்க்கரில் பெயரும் ஊரும், பெரிய எழுத்தில் திருச்சி விமான நிலையத்தின் குறியீடான டி.ஆர்.இசட். என்பதும் எழுதியிருந்தோம். அந்த டேப்பை அவர் நகத்தால் கீறிப் பிரித்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

முதலில் ஒரு கம்பளிப் போர்வை வெளியே வந்தது. நாலரைக் கிலோ. புதுக்கோட்டை வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் பக்கத்தில் வளைகுடா போய் வந்த எந்த வீட்டிலும் அந்தப் போர்வை பீரோவில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். சம்பந்தி வந்தால் விரிப்பார்கள், பிரசவித்த பெண்ணுக்கு விரிப்பார்கள். அடுத்து இரண்டரைக் கிலோ பால்பவுடர் டின் இரண்டு. டின்னோடு சேர்த்து ஐந்தரைக் கிலோ. இன்னும் மூன்று கிலோ எடுக்க வேண்டும். அடியில் ஒரு சாக்குப் பையில் அவருடைய கருவிகள் இருந்தன. சாந்துக் கரண்டி, ரசமட்டம், தூக்குக்குண்டு. தூக்குக்குண்டை மட்டும் கையில் எடுத்தார். நூல் சுற்றிய கட்டையின் விளிம்புகள் தேய்ந்து வழவழப்பாக இருந்தன. ஊரிலிருந்து முதல்முதலாக வந்தபோது கொண்டுவந்த குண்டு அது. தரையில் வைத்தார், சிறிது நேரம் பார்த்தார், மறுபடி பைக்குள்ளேயே வைத்துவிட்டு, பேரீச்சம்பழப் பொட்டலங்களில் மூன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். இந்த முறை திரை 20 காட்டியது.

கவுண்ட்டரில் இருந்த பெண்ணை நான் குறை சொல்லவில்லை. அவரும் வேறொரு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்தான். ஒரு கிலோவை விட்டுக்கொடுத்தாலும் மேலே பதில் சொல்ல வேண்டியவர். பிரித்த பெட்டியை ஒட்டுவதற்கு அவர்தான் டேப் தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். நிறுவனத்தின் பெயரையும் நான் எழுதவில்லை. ஒருவர் பெயரை எழுதினால் மற்ற எல்லோரும் தப்பித்துக்கொள்வீர்கள். ஆனால் இந்தத் தடத்தில் பறக்கும் எல்லோரும் ஏறத்தாழ இதைத்தான் செய்கிறீர்கள்.

அன்றிரவு அறைக்குத் திரும்பியதும் கைப்பேசியில் அதே விமானத்தின் அடுத்த நாள் பயணத்துக்கு டிக்கெட் போடுவதுபோல் தேடிப் பார்த்தேன். முன்கூட்டியே வாங்கினால் 15 கிலோ கூடுதல் லக்கேஜ் 210 திர்ஹம். கிலோவுக்கு 14 திர்ஹம். விமானம் அதே விமானம், சுமை ஏற்றும் ஆட்களும் அவர்களேதான். முன்னால் சொன்னவருக்கு 14, கவுண்ட்டரில் வந்து தெரிந்துகொண்டவருக்கு 50.

எடைக்குக் காசு வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கூடுதல் எடை கூடுதல் எரிபொருளைக் குடிக்கும் என்பது எனக்கும் தெரியும். ஏற்றும் எடையில் மணிக்கு மூன்று அல்லது நான்கு விழுக்காடு அளவுக்கு எரிபொருள் கூடுதலாகச் செலவாகும் என்பது விமானத் துறையில் சொல்லப்படும் தோராயக் கணக்கு. ஷார்ஜாவிலிருந்து திருச்சிக்கு நாலு மணி நேரப் பயணம். அண்ணனின் 13 கிலோவுக்கு, கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டு கிலோ எரிபொருள் வருகிறது. மூன்று லிட்டர்கூட இல்லை. லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் முந்நூறு ரூபாயைத் தாண்டாது. அதற்கு மேல் ஆள் கூலி, விமான நிலையக் கட்டணம், சரக்கு ஏற்ற முடியாமல் போகும் இடத்தின் விலை எல்லாம் இருக்கின்றன; சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துத்தானே 14 திர்ஹம் என்று நீங்களே ஒரு விலை வைத்தீர்கள்? அந்த விலையில் உங்களுக்கு நஷ்டம் இருந்தால் விற்க மாட்டீர்கள். அப்படியானால் மீதி 36 திர்ஹம் எதற்கு?

கடைசி நேரத்தில் எடை கூடினால் விமானத்தின் எடைச் சமநிலைக் கணக்கு குழம்பும், அதனால் பயணிகளை முன்கூட்டியே சொல்லவைக்கத்தான் இந்த விலை வேறுபாடு என்று உங்கள் தரப்பில் சொல்வார்கள். நியாயமான காரணம்தான். ஆனால் முன்கூட்டியே சொல்ல ஒருவருக்கு வழி இருந்தால்தான் அந்தக் காரணம் நிற்கும். அந்த அண்ணனுக்கு என்ன வழி இருந்தது?

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி, வேலை முடிந்து, வேறு வேலைக்கு மாறாமல் ஊர் திரும்பும் தொழிலாளியின் பயணச் செலவை முதலாளி ஏற்க வேண்டும். கம்பெனிகள் ஏற்கின்றன. டிராவல் ஏஜென்ட்டிடம் இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டைப் போடச் சொல்கின்றன. மலிவான டிக்கெட் என்றால் லக்கேஜ் குறைந்த டிக்கெட். பதிவில் கொடுக்கப்படுவது ஏஜென்ட்டின் தொலைபேசி எண், ஏஜென்ட்டின் மின்னஞ்சல். நீங்கள் அனுப்பும் நினைவூட்டல், 'கூடுதல் லக்கேஜை இப்போதே வாங்குங்கள், மலிவு' என்ற செய்தி, எல்லாம் போய்ச் சேருவது அங்கேதான். தொழிலாளியின் கைக்குப் பயணத்துக்கு முதல் நாள் இரவு ஒரு தாள் வருகிறது. அதில் ஒரு மூலையில் ஆங்கிலத்தில் '20கே' என்று இருக்கிறது. அண்ணனுக்கு அந்தத் தாளில் படிக்கத் தெரிந்தது தன் பெயரும் புறப்படும் நேரமும்தான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை லீவில் போனபோதெல்லாம் அவருக்கு 30 கிலோ இருந்தது. அந்த நினைப்பில் பெட்டி கட்டினோம். நானும் தாளைப் பார்க்கவில்லை. ஸ்டோர் கீப்பராக இருந்துகொண்டு அதைப் பார்க்காமல் விட்டது என் தவறு. அந்த வருத்தமும் சேர்ந்துதான் இதை எழுதவைக்கிறது. முதல் நாள் இரவு பார்த்திருந்தாலும், உங்களில் சிலருடைய விதிப்படி இணையத்தில் கூடுதல் எடை வாங்கும் நேரம் அதற்குள் முடிந்தே போயிருக்கும்.

இந்த 50 திர்ஹம் இன்னொரு கேட்டையும் கொண்டுவருகிறது. அதைக் காசுக் கணக்கில் சேர்க்க முடியாது. கவுண்ட்டரில் எடை கூடிப்போனவர் என்ன செய்கிறார் என்று ஒரு நாள் வந்து நின்று பாருங்கள். வரிசையில் கைப்பையோடு மட்டும் நிற்கும் யாராவது ஒருவரைத் தேடிப் போய், ஊர்ப் பேச்சில் உறவு கொண்டாடி, இந்த மூன்று கிலோவை மட்டும் உங்கள் கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறார். கேட்கிறவருக்கும் முகம் சுருங்குகிறது, மறுக்கிறவருக்கும் முகம் சுருங்குகிறது. சிலர் இரக்கப்பட்டு வாங்கிக்கொள்கிறார்கள். முன்பின் தெரியாதவர் கொடுத்த பொட்டலத்தைச் சுமக்காதே என்று ஒவ்வொரு விமான நிலையத்திலும் எழுதி வைத்திருக்கிறது. நம் சமையலறையில் சாதாரணமாக இருக்கும் கசகசா அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். தன் பெட்டியில் யாரோ கொடுத்தனுப்பிய பொட்டலத்துக்குள் இருந்ததைப் பற்றி அதிகாரியிடம் பதில் சொல்ல முடியாமல் நிற்பது எப்படிப்பட்ட நிலை என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வாங்குகிறார்கள் என்றால், 50 திர்ஹம் என்ற விலைதான் அந்த இடத்துக்கு அவர்களைத் தள்ளுகிறது.

சென்னை வழியாகவோ மும்பை வழியாகவோ போகிறவர்கள் பாடு இன்னும் மோசம். வளைகுடாவிலிருந்து 30 கிலோவோடு வந்து இறங்குவார்கள். தனி டிக்கெட்டில் எடுத்த உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோதான். ஒரே பெட்டி, ஒரே நாள், இரண்டாவது முறை எடை மேடை. மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ போகிற அந்த ஓரிரு மணி நேரப் பயணத்துக்கு மறுபடி 15 கிலோவுக்குக் காசு. தலைமை இயக்குநரகத்துக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த போர்டிங் பாஸைக் காட்டி, 24 மணி நேரத்துக்குள் உள்நாட்டு விமானம் ஏறுகிறவருக்கு, தனி டிக்கெட்டாக இருந்தாலும் அவர் கொண்டுவந்த எடையை ஏற்க வேண்டும் என்று ஒரு விதி வர நீங்கள் முயற்சி எடுக்க வேண்டும்.

இதெல்லாம் நடக்காத காரியம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். வளைகுடாவில் இறந்துபோனவர்களின் உடலைக்கூட ஒரு காலத்தில் தராசில் வைத்துத்தான் கட்டணம் வாங்கினீர்கள். ஒரு மனிதனின் உடலைக் கிலோ கணக்கில் எடைபோடுவதா என்று சமூக சேவகர்கள் ஆண்டுக்கணக்கில் மன்றாடினார்கள். 2019 ஜனவரியில் ஏர் இந்தியா அந்த வழக்கத்தைக் கைவிட்டு, அமீரகத்திலிருந்து பெரியவர்களுக்கு 1,500 திர்ஹம், 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதில் பாதி என்று ஒரே கட்டணம் வைத்தது. விமானம் பறப்பது நின்றுவிடவில்லை. சவூதியிலிருந்து உம்ரா முடித்து வருகிறவர்களின் ஐந்து லிட்டர் ஜம்ஜம் நீரை உங்களில் பலர் எடைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கப்பலில் வேலை செய்கிறவர்களுக்கென்று தனிக் கட்டணம் வைத்து, அதில் கூடுதல் லக்கேஜ் கொடுக்கிறீர்கள். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் மாணவர்களுக்கும் பலர் கொடுக்கிறீர்கள். கப்பல்காரருக்கும் மாணவருக்கும் இருக்கும் நியாயம், இருபது ஆண்டு வாழ்க்கையை ஒரே பெட்டியில் கட்டிக்கொண்டு போகிற கொத்தனாருக்கு ஏன் இல்லை?

நான் கேட்பதை நேராகவே சொல்லிவிடுகிறேன். விசா கேன்சல் ஆன தாளைக் காட்டுகிறவருக்கு, எந்த வகை டிக்கெட்டாக இருந்தாலும் 40 கிலோ கொடுங்கள். ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கட்டும். அது சுமை தூக்கும் தொழிலாளியின் முதுகைக் காக்கிற விதி, அதை நான் மதிக்கிறேன். இரண்டு பெட்டியாகக் கட்டிக்கொள்வோம். ஒருவர் வாழ்நாளில் ஒருமுறை, மிஞ்சிப்போனால் இரண்டுமுறை செய்கிற பயணம் இது.

கவுண்ட்டர் விலை, முன்கூட்டியே விற்கும் விலையைவிடக் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. 14 திர்ஹம் என்றால் 17, 18 வாங்குங்கள். யாரும் தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரிக்க மாட்டார்கள். இதற்கு ஒரு உச்சவரம்பை இயக்குநரகம் விதிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. விலை வேறுபாட்டை வைத்துக் கணிசமாகச் சம்பாதிக்கும் வரை, பயணிக்குத் தெரிவிப்பதில் நிறுவனங்களுக்கு அக்கறை வராது என்பது என் எண்ணம். கடுமையாகச் சொல்வதாகத் தோன்றலாம். பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

டிக்கெட் பதிவில் பயணியின் சொந்தக் கைப்பேசி எண் இல்லாமல் பதிவு முடியக் கூடாது. பயணத்துக்கு மூன்று நாள் முன்பு அந்த எண்ணுக்குத் தமிழில் ஒரு வரி வர வேண்டும்: உங்கள் டிக்கெட்டில் 20 கிலோ, கையில் 7 கிலோ. மலையாளிக்கு மலையாளத்தில், பீகார்காரருக்கு இந்தியில். உணவு விற்கவும் இருக்கை விற்கவும் இத்தனை செய்தி அனுப்புகிற உங்களுக்கு இது பெரிய வேலையே இல்லை. வாசலிலேயே, வரிசைக்கு முன்னால், யார் வேண்டுமானாலும் பெட்டியை வைத்துப் பார்க்கும்படி நாலு தராசு வையுங்கள். எங்கள் அறையில் இருக்கும் கைத்தராசு இரண்டு கிலோ முன்னே பின்னே காட்டும். அதை நம்பித்தான் இருநூறு பேர் பெட்டி கட்டுகிறார்கள்.

அப்படியும் எடை கூடிப்போனால், பொருளை விட்டுவிட்டுப் போகாமல் இருக்க ஒரு வழி வேண்டும். விமான நிலையத்திலேயே ஒரு கவுண்ட்டர். அங்கே கொடுத்தால், இடம் இருக்கிற ஏதாவது ஒரு விமானத்தில், பதினைந்து நாளில் வந்தாலும் போதும், மலிவான கட்டணத்தில் ஊர் விமான நிலையத்துக்கு வந்து சேர வேண்டும். பயணியோடு சேர்ந்து வராத லக்கேஜ் என்று சுங்க விதிகளில் ஏற்கெனவே ஒரு வகை உண்டு. ஆனால் உடன் கொண்டுவரும் லக்கேஜுக்கு உள்ள பொதுவான வரிச்சலுகை அதற்கு இல்லை என்பதால் பால்பவுடருக்கும் புதுப் போர்வைக்கும் வரி கட்ட வேண்டி வரலாம். பிலிப்பைன்ஸ் நாட்டில் வெளிநாட்டில் உழைப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பெட்டிக்கு 'பாலிக்பயன் பெட்டி' என்று பெயரே இருக்கிறது. 2016இல் அவர்கள் இயற்றிய சுங்கச் சட்டம், ஓராண்டில் மொத்தம் 1,50,000 பெசோ மதிப்பு வரை அந்தப் பெட்டிகளுக்கு வரி இல்லை என்கிறது. எங்கள் கேம்ப்பில் இருக்கும் பிலிப்பினோ எலக்ட்ரீஷியன் இதை எங்களிடம் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தேன். தன் நாட்டுச் சட்டத்தில் தன் பெட்டிக்கு ஓர் இடம் இருக்கிறது என்கிற பெருமை அது.

அயலகத் தமிழர் நல வாரியத்துக்கு: ஆண்டுதோறும் ஜனவரி 12 அன்று அயலகத் தமிழர் தினம் கொண்டாடுகிறீர்கள். மனநிறைவோடு பார்க்கிறோம். அடுத்த விழாவுக்குள், கேன்சலில் திரும்புகிறவரின் லக்கேஜ் பற்றி நிறுவனங்களோடு ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். புதிய முனையம் கட்டிய பிறகு திருச்சி விமான நிலையம் பார்க்க அழகாக இருக்கிறது. அங்கே லக்கேஜ் பட்டை முன்னால் ஒரு மணி நேரம் நின்று, வருகிற அட்டைப் பெட்டிகளில் எத்தனை நடுவில் பிரித்து மறுபடி ஒட்டப்பட்டவை என்று எண்ணிப் பாருங்கள். டேப்பின் நிறத்திலேயே தெரிந்துவிடும்.

அண்ணன் விட்டுப்போன போர்வையும் இரண்டு டின்னும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. பேரீச்சம்பழம் கெட்டுவிடும் என்று அவரே சொன்னதால் அறையில் பகிர்ந்துவிட்டோம். புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன். தை மாதம் லீவில் போகிறேன். டிக்கெட் போட்ட அன்றே 15 கிலோவுக்கு 210 திர்ஹம் சேர்த்துக் கட்டிவிட்டேன். அறந்தாங்கியிலிருந்து அவர் ஊருக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

இப்படிக்கு,
ஷார்ஜாவிலிருந்து ஒரு ஸ்டோர் கீப்பர்